மேட்டு லைனுக்கு மேலே

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பெரிய பிள்ளைகள் போய்விட்டதால் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் இனி குட்டிகள் மட்டும்தான். கூட வேலை பார்க்கும் லில்லி அக்காவுக்கு முட்டிவலி. கஞ்சி காய்ச்சுவது, கழுவிவிடுவது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் நானே. தாய்மார்கள் கொழுந்து எடுத்துவிட்டு வரும்வரை இதே பாடு.

மத்தியானம் ஜேசிபி வந்தது. எஸ்டேட் விற்றுவிட்ட மேல்காட்டில் யாரோ ரிசார்ட் கட்டப்போகிறார்களாம். அதற்கு ரோடு வெட்ட வேண்டும். எங்கள் மேட்டு லைனுக்கு நேர் மேலே. சத்தத்தில் ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. எல்லோரையும் வேலியோரம் நிறுத்தி வேடிக்கை காட்டினேன். மெஷினை ஓட்டியவன் இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்தான்.

தீபன்.

ராத்திரிச் சோறு அடிப்பிடித்துவிட்டது. அம்மா திட்டினாள்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று பெயரை மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். முழுப்பெயர் பிரதீபன். வேலாயுதம் மாமாவின் ஒரே மகன். எங்களுக்கு அடுத்த வீடு. லைன் வீடு என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் குடித்தனம், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவன் அங்கே தும்மினால் நான் இங்கே சிரிப்பேன். எட்டாவது வரைக்கும் ஒன்றாகத்தான் மலை இறங்கிப் பள்ளிக்கூடம் போனோம். மழையில் தலையில் போட்டுக்கொள்ள இரண்டு பேருக்கும் ஒரே பிளாஸ்டிக் கொங்காணி.

அந்த வருஷம் வேலாயுதம் மாமா ஃபேக்டரியிலிருந்து தேயிலைத் தூள் திருடினார் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்பா பார்த்ததாகச் சொன்னார். ஒரே நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது அம்மா என்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். லாரி கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

அப்பா ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி ஆனதும் அந்த வருஷம்தான். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

குடிக்கத் தண்ணீர் கேட்டுக் காப்பகத்துக்கு வந்தான். ஆள் வளர்ந்துவிட்டான். தாடி ஒழுங்காக முளைக்கவில்லை. என்னைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?" என்றான்.

"தெரியலையா?" என்றேன்.

"தெரியுதுங்க. மேஸ்திரி மகதானே நீங்க."

செம்பைக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். 'நீங்க'வாம். எனக்கென்ன வந்தது. நிறைய வேலை இருக்கிறது.

ஜூன் 11, புதன்

மழை பிடித்துக்கொண்டது. துணி எதுவும் காயவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கூடலூருக்குப் பஸ் ஏறினேன், அம்மாவுக்கு மாத்திரை வாங்க. வழியில் அவன் ஏறினான். பக்கத்து இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். டவுனில் இறங்கியபோது என் செருப்புக்குள் பிசுபிசுவென்றிருந்தது. பார்த்தால் அட்டை. கணுக்காலில் நல்ல கனமாக உப்பிப்போய்த் தொங்கியது. எஸ்டேட்டில் பிறந்தவள்தான், ஆனாலும் எனக்கு அட்டை என்றால் இன்னும் குலைநடுக்கம். அவனுக்கு அது ஞாபகம் இருந்தது. பெட்டிக்கடையில் ஒரு கை உப்பு வாங்கிவந்து, ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து, என் காலைத் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டான்.

"கண்ண மூடிக்க நிரோ," என்றான்.

மூடிக்கொண்டேன். உப்பின் எரிச்சல் போன பிறகும் கொஞ்ச நேரம் மூடியேதான் இருந்தேன்.

அப்புறம் டீயும் வர்க்கியும் சாப்பிட்டோம். அவர்கள் இப்போது திருப்பூரில் இருக்கிறார்கள். மாமா சாயப்பட்டறையில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போய் வீட்டோடு இருக்கிறார். அவன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு மெஷினில் கிளீனராகச் சேர்ந்து, இப்போது ஆபரேட்டர்.

"எத்தனையோ எடத்துல வேலை இருந்திருக்கும். இங்க ஏன் வந்த?" என்று கேட்டேன்.

"எஸ்டேட் பேரச் சொன்னாங்க. ஏறி உக்காந்துட்டேன்," என்றான். "வந்தப்புறம்தான் எங்க வெட்டணும்னு காட்டுனாங்க."

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். கடை மூடியிருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

வாசல்கதவு இழுத்துக்கொண்டு நிற்கிறது. மழைக்கு மரம் உப்பியிருக்கும். அப்பா இழைப்புளி வைத்துச் சீவினார். சாயங்காலம் திரும்பவும் சாத்த முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காப்பகத்துப் பிள்ளைகள் கோலிகுண்டு விளையாடினார்கள். எங்கே போட்டாலும் குண்டு கிழக்குச் சுவருக்கே உருண்டு போகிறது. "அங்க பேய் கூப்பிடுது" என்று ஒரு வாண்டு கிளப்பிவிட, எல்லாம் அலறிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தன. லில்லி அக்கா, தரை முன்னாடி இப்படி இல்லை என்றார். வயசானால் ஞாபகம் பிசகும் என்று கேலி செய்தேன்.

அவன் சாப்பாட்டு வேளையில் வந்தான். இப்போதெல்லாம் தினமும் வருகிறான். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மெஷின் சீட்டில் உட்கார வைத்து ஹாரன் அடிக்கவிடுகிறான். பிள்ளைகளுக்காகத்தான் வருகிறான் என்று லில்லி அக்காவிடம் சொன்னேன். அவர் வாய்க்குள் சிரித்தார்.

ஜூன் 29, ஞாயிறு

அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நேற்று நாங்கள் கோயில் பாதையில் ஒரே குடையில் வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"பந்தலூர் அத்தை வீட்டுக்குப் போயி கொஞ்ச நாள் இரு பாப்பா. மழை முடியட்டும். அம்மாவையும் கூட்டிட்டுப் போ."

"காப்பகத்த யாருப்பா பாப்பாங்க?"

"அத நான் பாத்துக்கிறேன்."

"நான் எதுக்குப் போகணும்? தப்பா ஒண்ணும் பண்ணலயே."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. அம்மா, "நானும் போகமாட்டேன், பறிப்பு சீசன்ல லீவு போட்டா பேரை வெட்டிடுவாங்க" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அவனிடமிருந்து என்னைப் பிரிப்பதற்குத்தான். வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஆனால் அவனை ஏசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஊற்றுத்தண்ணீர் செம்மண் கரைசலாக வருகிறது. வடிகட்டிக் காய்ச்சினேன். கஞ்சியில் மண்வாசம். ஊற்று எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும், எந்த மழைக்கும் கலங்காது. அப்பா விடிந்தும் விடியாமலும் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார். கேட்டால், "பைப் பாக்கப் போனேன்" என்கிறார்.

ஜூலை 4, வெள்ளி

பைப் ஜாயின்ட் கழன்றுவிட்டது. போன வாரம்தான் அப்பா மாட்டினார். இரண்டு பக்கமும் யாரோ பிடித்து இழுத்ததுபோல நடுவில் ஒரு சாண் இடைவெளி. வீட்டு நடுச்சுவரில் ஒரு கீறல், கூரையிலிருந்து தரைவரை. அப்பா சிமென்ட் குழைத்துப் பூசினார். பூசும்போது ஒரு பாட்டுக்கூட முணுமுணுக்கவில்லை. வேலை செய்யும்போது பாடாமல் இருக்கமாட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

மெஷின் ரிப்பேர் என்று இன்று மேலே வேலை இல்லை. பிள்ளைகள் தூங்கியதும் அவனும் நானும் காப்பகத்துப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர்ப்புகையாக மழை. எதிர்மேடு தெரியவில்லை. லாரியில் போன அன்றைக்கு என்னவெல்லாம் நினைத்தான் என்று சொன்னான். உள்ளே இருந்து நான் கதவைத் தட்டியது அவனுக்குக் கேட்டதாம்.

"தட்டுனது நீயின்னு தெரியும். எங்கப்பா முகத்தப் பாத்தேன். அவரு தலைய குனிஞ்சு உக்காந்திருந்தாரு. அதுக்கு மேல எறங்கத் தோணல."

"எம்மேல கோவமா?"

"உம்மேல இருக்கணும்னுதான் பாத்தேன். இருந்தா ஈசியா இருந்திருக்கும்."

அப்புறம் அவன் சொன்னது: மாமா தூள் எதையும் எடுக்கவில்லை. அந்த வருஷ மழையில் மேட்டு லைன் தரை இறங்கிவிட்டது, வேறு இடத்தில் வீடு கட்டித் தர வேண்டும் என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார். அடுத்த வாரம் திருட்டுப் பட்டம்.

"அப்ப எங்கப்பா பாத்தேன்னு சொன்னது?"

"அத நீ என்கிட்ட கேக்காத நிரோ."

நான் கேட்கவில்லை. அவன் தோளில் சாய்ந்துகொண்டேன். டீசலும் ஈரமண்ணுமாக ஒரு வாசனை. படிக்கட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் கைவிரல் போகிற அளவு இடைவெளி விட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அவனும் பார்த்தான். விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எழுந்து, மழையிலேயே மேலே ஏறிப் போனான்.

ஜூலை 10, வியாழன்

மேலே சில்வர் ஓக் மரங்கள் லைன் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. காற்றினால் இருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

தீபன் வீட்டுக்கே வந்தான். அம்மா வெலவெலத்துப்போனாள். என்னைப் பெண்கேட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தாள். ஒரு நொடி நானும் நினைத்தேன்.

அப்பா வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அவன் முற்றத்திலேயே மழையில் நின்றான்.

"மேஸ்திரி, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

"மேல வெட்டின எடத்துல விரிசல் விட்டிருக்கு. வெட்டின சுவர்ல இல்ல, அதுக்கும் மேல, புல்லுக்குள்ள. கால் உள்ள போகுது. மழைத்தண்ணி பூரா அதுக்குள்ளதான் எறங்குது. கான்ட்ராக்டர்கிட்ட சொன்னேன். மண்ணப் போட்டு மூடுங்கிறாரு."

"மூடுனியா?"

"மூடுனேன். மறுநாளே வாயத் தொறந்திருச்சு."

அப்பா பிடியைக் கீழே வைத்தார். "மெஷின்ல உக்காந்து வெட்டுனது யாரு? நீதானே. இப்ப என்கிட்ட ஏன் வந்து சொல்ற?"

"ஆமா, நான்தான் வெட்டுனேன்." அவன் குரல் உடைந்தது. "நேத்தோட நிறுத்திட்டேன். சாவியக் குடுத்துட்டேன். வேற ஆளப் போட்டு வெட்டுவாங்க. நீங்க சொன்னா சனம் கேக்கும் மேஸ்திரி. நான் சொன்னா, திருடன் மவன் வந்து பயங்காட்டுறான்னு சொல்லுவாங்க."

தகரக்கூரையில் மழை மட்டும்.

"இத்தன குடும்பத்த எங்க போகச் சொல்ற?" என்றார் அப்பா கடைசியில்.

"பழைய ஃபேக்டரி காலியாத்தான கெடக்கு."

"மேனேஜர் தொறந்து விடமாட்டாரு."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அப்பா பிடியைத் திரும்ப எடுத்தார். அவன் போன பிறகும் வெகுநேரம் அந்த மண்வெட்டிப் பிடியையே உருட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பந்தலூருக்குப் போகச் சொன்னது எதற்கு என்று எனக்கு இப்போது புரிகிறது. நான் எழுதியதைத் திரும்பப் படிக்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

அப்பா மேனேஜரிடம் கேட்டுவிட்டார். பங்களா வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினாராம். வதந்தி பரப்பினால் மேஸ்திரி வேலையும் இருக்காது, வீடும் இருக்காது என்றாராம். வேலாயுதம் கதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாராம். வீட்டில் அப்பா இதைச் சொல்லவே இல்லை. ஆபீஸும் பங்களாவும் கூட்டுகிற பெண்தான் அம்மாவிடம் வந்து சொன்னாள்.

நான் லில்லி அக்காவிடம், காப்பகத்தில் கூரை ஒழுகுகிறது, பிள்ளைகளை எதிர்மேட்டுக் கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"ஆமா புள்ள, ரொம்ப ஒழுகுது," என்றார்.

தீபன் தொட்டில் கயிறுகளையும் அரிசிக்குண்டானையும் சுமந்து வந்தான். வேலை இல்லாதவன் ஏன் திருப்பூருக்குப் போகவில்லை என்று லில்லி அக்கா கேட்டார். மழை விட்டதும் போகிறேன் என்றான். கீழ் ரோட்டு டீக்கடை மாடியில் தங்கியிருக்கிறான்.

ஜூலை 16, புதன்

மழை நிற்கவே இல்லை. சாயங்காலம் அப்பாவுக்கு டார்ச் பிடிக்கப் போனேன். பைப் திரும்பவும் கழன்றுவிட்டது. மாட்டிப் பார்த்தார், எட்டவில்லை. குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டு, சேற்றில் குந்திக்கொண்டார்.

"அன்னைக்கு நான் ஒண்ணும் பாக்கல பாப்பா," என்றார்.

டார்ச்சை அணைத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"பாத்தேன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். வேலாயுதம் லைனு எறங்குதுன்னு சொன்னது நெசம். எனக்கும் தெரியும். கூட உக்காந்தவன்தான் நானும்."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். நாளைக் காலையில் வீடுவீடாகப் போய் எல்லோரையும் வெளியே கூப்பிடப்போவதாகச் சொன்னார். பழைய ஃபேக்டரிப் பூட்டை உடைத்துக்கொள்ளலாமாம். அம்மா வேலை போய்விடும் என்று அழுதாள். போகட்டும் என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம். அவரை விட்டு நகரவும் மனசில்லை. தூங்கவேண்டும்.

ஜூலை 17, வியாழன்

விடியும்போதே அப்பா கிளம்பிவிட்டார். டீ குடிக்கவில்லை. அம்மா கொழுந்துக்குப் போகிறாள், கீழ்க்காட்டில் இன்றைக்கு. கஞ்சிக்குப் பயறு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போகவேண்டும்.

ஜூலை 21, திங்கள்

இந்த டைரி என் பையில் இருந்தது. அதனால்தான் மிஞ்சியது. எங்கள் வீட்டிலிருந்து மிஞ்சியது இது ஒன்றுதான். பள்ளிக்கூடத்து முகாமில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

வியாழக்கிழமை காலை பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். மண்டபத்திலிருந்து பார்த்தால் மேட்டு லைன் நேரே தெரியும். அப்பா குடையை மடக்கிக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போனார். ஆட்கள் மூட்டையோடு வெளியே வந்தார்கள். சிலபேர் வாசலில் நின்று அவரோடு வாக்குவாதம் செய்தார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்கியவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். தீபனும் கீழேயிருந்து ஓடிவந்து பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். எல்லோரும் பாதைக்கு வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பா திரும்பி நடந்தார். கடைசி வீட்டில் முனியாண்டித் தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைத் தூக்கிவரத்தான் போயிருக்க வேண்டும்.

முதலில் மரங்கள் நடந்தன. நின்றபடியே, சாயாமல், சில்வர் ஓக் மரங்கள் வரிசையாகக் கீழே இறங்கி வந்தன. அப்புறம்தான் சத்தம். பிள்ளைகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினேன். லில்லி அக்கா சாமி பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது மேட்டு லைன் இல்லை. காப்பகமும் இல்லை. செம்மண் மட்டும், இன்னும் நகர்ந்துகொண்டு.

அம்மாவும் மற்றப் பெண்களும் கொழுந்துக் கூடையோடு ஓடிவந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை எண்ணித் தூக்கிக்கொண்டாள். அம்மா என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அவரு எங்க?" என்றாள்.

சாயங்காலத்துக்குள் தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். பெரிய வண்டிகள் வரமுடியாதபடி ரோடு அறுந்துவிட்டது. மேலே நின்ற ஜேசிபி மண்ணோடு போகாமல் தப்பியிருந்தது. புது ஆபரேட்டர் பயந்து ஓடிவிட்டான். தீபன் சாவியை வாங்கி ஏறினான். யாரோ, "இவன் வெட்டித்தானடா வந்துச்சு" என்று கல்லெறிந்தான். கல் அவன் முதுகில் பட்டது. திரும்பவில்லை.

எங்கே தோண்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி மண். நான் போனேன். எதிர்மேட்டுக் கோயில், கீழ் ரோட்டு வளைவு, தண்ணீர்த்தொட்டி மூன்றையும் வைத்துப் பார்த்துக் கடைசி வீடு இருந்த இடத்தைக் காட்டினேன். அதற்கும் கீழே, மண் இழுத்துப்போயிருக்கும் தூரத்தையும் உத்தேசமாகக் காட்டினேன். அவன் பக்கெட்டைப் பூவைத் தொடுவதுபோல இறக்கினான். ஒரு தட்டு வந்தது. ஒரு கதவு வந்தது. ஒரு பிள்ளையின் சைக்கிள் வந்தது. இருட்டினால் நிறுத்தினான், வெளுத்ததும் ஏறினான். சாப்பிடச் சொன்னாலும் இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மெஷினை அணைத்தான். இறங்கி முட்டிபோட்டுக் கையால் தோண்டினான். நான் ஓடினேன்.

"நீ வராத நிரோ. அங்கயே நில்லு."

நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் சட்டையைக் கழற்றி எதன்மேலோ போர்த்தினான். அப்புறம் அவன் குரல் கேட்டது, சின்ன வயசில் கூப்பிடுகிற மாதிரி.

"மாமா," என்றான். "மாமா, எந்திரிங்க."

முனியாண்டித் தாத்தா அப்பாவின் முதுகிலேயே இருந்தார்.

ஜூலை 26, சனி

பேப்பரில் அப்பாவின் படம் வந்தது. ஊரைக் காப்பாற்றி உயிரைக் கொடுத்த மேஸ்திரி என்று போட்டிருக்கிறார்கள். முகாமில் எல்லோரும் வெட்டி வைத்துக்கொண்டார்கள். அம்மா அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருக்கிறாள்.

ஜூலை 30, புதன்

டீக்கடையில் வேறு பேச்சு நடக்கிறது. கான்ட்ராக்டர் எல்லோரிடமும் சொல்கிறாராம்: அளவுக்கு மேல் வெட்டச் சொல்லவே இல்லை, ஆபரேட்டர்தான் வேண்டுமென்றே அடியில் தோண்டினான், அப்பன் திருட்டுப் பட்டம் வாங்கிய பகையை மகன் தீர்த்துக்கொண்டான் என்று. மேனேஜரும் அதையே சொல்கிறார். தீபன் விரிசலைப் பற்றிச் சொன்னது தனக்குத் தெரியவே தெரியாதாம். அப்பா வந்து கேட்டதும் நடக்கவே இல்லையாம்.

நேற்றுவரை அவன் கையைப் பிடித்து அழுதவர்கள் இன்று அவன் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். போலீஸ் அவனை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. அடுத்த வாரம் அதிகாரி வந்து விசாரிக்கப்போகிறாராம்.

"போயிடு தீபா," என்றேன்.

"எங்கப்பாவ அப்படித்தான் போகவச்சாங்க. நான் போனா அவங்க சொல்றது நெசமாயிரும்," என்றான். "வெட்டுனது நான்தான். அத சொல்லுவேன். மத்ததையும் சொல்லுவேன். நம்புறதும் நம்பாததும் அவங்க பாடு."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கான்ட்ராக்டரின் ஆள் அம்மாவைப் பார்க்க வந்தான். ரொம்ப மரியாதையாகப் பேசினான். கீழ் ரோட்டில் எங்களுக்கு நல்ல வீடு ஏற்பாடு செய்துதருவார்களாம். அப்பா பெயரில் காப்பகத்தைத் திரும்பக் கட்டுவார்களாம். போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னான்.

"பழசயெல்லாம் கிண்டக்கூடாதும்மா. அப்பாவுக்கு நல்ல பேரு வந்திருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்பா மேனேஜரிடம் போனது அவனுக்குத் தெரியும். வேலாயுதம் மாமா கதையும் தெரியும். நான் என்ன சொல்வேன் என்று யோசித்துத்தான் வந்திருக்கிறான்.

அம்மாவிடம் கேட்டேன், அப்பா அன்றைக்குப் பொய் சொன்னது தெரியுமா என்று.

"தெரியும். நீ வாயத் தொறந்தா அவருக்குக் கெடச்ச ஒரு நல்ல பேரும் மண்ணோட போகும். செத்தவர விட்டுரு."

"உசுரோட இருக்கறவன என்னம்மா பண்றது?"

அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்பறையில் விசாரணை. அதிகாரி குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார். ஒருபுறம் மேனேஜர், கான்ட்ராக்டர். வெளியே ஜன்னல் நிறைய எங்கள் ஆட்கள்.

தீபன் முதலில் சொன்னான். வெட்டியது தான், எங்கே, எவ்வளவு ஆழம், யார் காட்டிய அளவு என்று ஒன்றுவிடாமல். விரிசலை மூடச்சொன்னதையும் சொன்னான். "இவன் சொல்றதுக்கு யாரு சாட்சி?" என்று கான்ட்ராக்டர் கேட்டார். தீபன் தலைகுனிந்து நின்றான். அப்பா இல்லை. அவன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேட்டதுபோல ஆகிவிடும் என்று நினைத்திருப்பான்.

நான் உள்ளே போனேன்.

"நீங்க யாரும்மா?"

"நிரோஷா. கதிரேசன் மேஸ்திரி மக."

அதிகாரி எழுந்து நிற்கப்போனார். அப்பா பெயருக்கு அவ்வளவு மரியாதை.

"தீபன் எங்க வீட்டு வாசல்ல நின்னு விரிசலப் பத்திச் சொன்னப்ப நான் இருந்தேன். அடுத்த நாள் எங்கப்பா மேனேஜர் சார்கிட்ட ஃபேக்டரியத் தொறந்துவிடச் சொல்லிக் கேட்டாரு. வேலாயுதம் கதை ஞாபகம் இருக்கான்னு சார் கேட்டு அனுப்பிட்டாரு."

மேனேஜர், "யார் வேலாயுதம்?" என்றார்.

"தீபனோட அப்பா சார். எங்க லைன் எறங்குதுன்னு மொதமொதல்ல சொன்னவரு. அவரு தூள் திருடல. திருடுனத பாத்தேன்னு எங்கப்பா சொன்னது பொய். சொல்லச் சொன்னாங்க, சொன்னாரு. சாகுறதுக்கு முந்தின நாள் என்கிட்ட அவரே சொன்னாரு. அந்தப் பொய்க்குத்தான் மேஸ்திரி வேலை குடுத்தாங்க."

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, எல்லாவற்றையும் அப்படியே எழுதச் சொன்னார். ஆபீஸ் கூட்டுகிற அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து, "மேஸ்திரி பங்களாவுக்கு வந்தது நெசந்தான் சார், நான் இருந்தேன்" என்றாள். அப்புறம் லில்லி அக்கா. அப்புறம் யார் யாரோ.

என்ன ஆகும் என்று தெரியவில்லை. கான்ட்ராக்டரின் ஆள் வராந்தாவில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்தபடி இருந்தான். சிரிக்கவில்லை இப்போது.

வெளியே வந்தபோது தீபன் சுவரில் சாய்ந்து நின்றான். எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டான். இறுக்கிப் பிடித்தால் வலிக்குமோ என்பதுபோலப் பிடித்தான். நான்தான் இறுக்கினேன்.

அம்மா எங்களைக் கடந்து போனாள். முகாமுக்குப் போகிற சேற்றுப்பாதையில் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தாள். நாங்கள் தூரத்தில் பின்னால் போனோம். வளைவு வந்ததும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் வந்து சேரும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.